குரல் நிற்கும் இடம்

பெட்டியைப் பிரித்தாயிற்று, இனி மாட்ட வேண்டியதுதான், மாட்டினால் பாடும், பாடினால் தெரிந்துவிடும், அதனால்தான் இவ்வளவு நேரமாக அலமாரிக்குப் பின்னால் முட்டிபோட்டுக்கொண்டு ஒட்டடை துடைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட சாப்பாடு கண்ணை இழுக்கிறது. விருகம்பாக்கத்தில் இந்த நேரத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு, கீழ்வீட்டில் பாத்திரம் கழுவுவது, எதிர்மாடியில் யாரோ போர்வையை உதறுவது, தெருமுனையில் பழைய பேப்பர்க்காரனின் ஒலிபெருக்கி. எல்லாம் கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். யோசித்தால் பேப்பர்க்காரன், போர்வைக்காரி, பாத்திரம் எல்லாம் வலப்பக்கம்தான் என்று வரும், ஜன்னலோ எனக்கு இடப்பக்கம் இருக்கிறது. ஜன்னல் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், அதனால் அப்படித் தோன்றும், இது சின்ன அறை, சின்ன அறையில் சத்தம் ஏமாற்றும், இதெல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியும். ஞானதிரவியம், உன் தொழில் அது. பாட்டுக் கலக்குகிற தொழில். வயலின் இந்தப் பக்கம், தபலா அந்தப் பக்கம், பாடுகிறவர் நடுவில் என்று ஆளுக்கொரு இடம் பார்த்து உட்காரவைப்பது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் உட்காரவைக்கிறவன் மாதிரி என்று என் மனைவி ஹெப்சி தன் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பிவைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிவப்புப் பேனா தாளில் ஓடுகிற சத்தம் முன்பெல்லாம் இங்கிருந்தே கேட்கும். கேட்கும் என்றுதான் நினைக்கிறேன். நிஜமாகவே கேட்டதா அல்லது பேனாவைப் பார்த்துவிட்டுக் கேட்டதாக நினைத்துக்கொண்டேனா.

சரண்தான் ஆரம்பித்துவைத்தான். இல்லை, அவன்மேல் போடக் கூடாது, நல்ல பையன், இசையமைப்பாளன் என்று வெளியே பெயர் வாங்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் தன் முதல் படத்துத் தாலாட்டை என்னிடம்தான் கொடுப்பேன் என்று தேடி வந்தான். போன வாரம் போனில் தயங்கித் தயங்கிப் பேசினான். அண்ணே, பாட்டு பிரமாதமா இருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணு. குரல் கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ. அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்காகச் சேர்த்தான். அந்த மரியாதைதான் உறுத்துகிறது. நேராகத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உன் ஹெட்ஃபோனைப் பாருப்பா என்று சிரித்துவிட்டு வைத்தேன், வைத்த கையோடு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து கேட்டேன், குரல் நடுவில் நின்றது, ஆணி அடித்த மாதிரி. அப்படியானால் இடது ஸ்பீக்கர் மந்தமாகியிருக்க வேண்டும், அதற்கு ஈடுகட்டத்தான் நான் குரலை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறேன், வேறு என்ன. கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினேன். இதில் ஒரு கோளாறும் இல்லை சார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல ஸ்பீக்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன். பிறகுதான் இந்த யோசனை. ஸ்டூடியோவில் எல்லாம் பழசு, எது எதை ஏமாற்றுகிறது என்று சொல்ல முடியாது, வீட்டில் புதிதாகப் பெட்டி வைத்துக் கேட்போம், புதுப் பெட்டி, புதுக் கம்பி, நடுவில் பழசு எதுவும் இல்லையென்றால் உண்மை வந்துதானே தீர வேண்டும். உண்மை வரட்டும் என்று வாங்கிவிட்டு இப்போது துணியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி. மாட்டு. இரண்டு பெட்டி, அவ்வளவுதான். கையகலத்தில் இருக்கிற இது வீட்டு வைஃபையிலிருந்து பாட்டை எண்களாக வாங்கிக்கொள்ளும், இதுதான் பிளேயர். கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக இருக்கிற இது கன்வர்ட்டர், அந்த எண்களைத் திரும்பச் சத்தமாக்கி அலமாரியில் இருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கும் அதன் வழியாக இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். பிளேயரிலிருந்து கன்வர்ட்டருக்குப் போவது ஆப்டிகல் கம்பி, கண்ணாடி நூல் மாதிரி, உள்ளே மின்சாரம் இல்லை, வெளிச்சம்தான் ஓடும். பாட்டு வெளிச்சமாகப் போகிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எவ்வளவு ஆச்சரியப்பட்டேன். இப்போது ஆச்சரியம் வரவில்லை, முழங்கால்தான் வலிக்கிறது. ஒரு முனை பிளேயருக்குள் போய்விட்டது, மறுமுனை கன்வர்ட்டரின் துவாரத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. திருப்பிப் பார்க்கிறேன். அழுத்துகிறேன். புதுசுக்கு இவ்வளவு முரடா. போய்விட்டது, ஆனால் டக் என்று பிடிக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைப் போட்டுப் போனில் ஒரு பாட்டைத் தட்டுகிறேன். ஒன்றுமில்லை. போனில் பாட்டு ஓடுகிறது, கோடு நகர்கிறது, அறையில் சத்தமில்லை. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்குகிறது. அது பயமா நிம்மதியா என்று தெரியவில்லை. பாடாத பெட்டி நல்லது. பாடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வேறு வாங்கலாம், அது வர இன்னும் சில நாள் ஆகும், அதற்குள் காது, சளியாகக்கூட இருக்கலாம், மழைக்காலத்தில் எனக்கு மூக்கு அடைக்கும், மூக்குக்கும் காதுக்கும் வழி இருக்கிறதே. கம்பியைப் பிடுங்கிப் பார்த்தால் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொப்பி. தூசி படாமலிருக்கத் தொழிற்சாலையில் போட்ட மூடி. அதைக் கழற்றாமல் இடித்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் செய்கிற வேலை. தொப்பியைக் கழற்றியதும் சிவப்பாக ஒரு புள்ளி வெளிச்சம். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என் கையில், சூடில்லாமல், சத்தமில்லாமல்.

அத்தான், காப்பி போடவா என்று ஹெப்சி கேட்கிறாள். போடு என்கிறேன். எங்கே இருந்து கேட்டாள்? சமையலறையா, மேசையா? கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் மேசையில்தான் இருக்கிறாள், தலை நிமிராமல். கதவைச் சாத்திவிட்டு வந்து கம்பியை மாட்டுகிறேன், இப்போது டக் என்று பிடித்தது. அப்போதும் சத்தமில்லை, ஏனென்றால் கன்வர்ட்டரில் எந்த வாசல் வழியாகப் பாட்டு வருகிறது என்று சொல்ல வேண்டும், அது யூ.எஸ்.பி. வாசலைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது, பாட்டு கொல்லைப்பக்கம் நிற்கிறது. முகப்பில் ஒரு பொத்தான். அழுத்துகிறேன். வந்துவிட்டது.

என் பாட்டு. போனில் கைபோன போக்கில் தட்டினேன் என்று நினைத்தேன், ஆனால் கை வேண்டுமென்றேதான் இதைத் தட்டியிருக்கிறது. நான் முதன்முதலாகத் தனியாகக் கலந்த கிறிஸ்துமஸ் பாட்டு. கேசட்டாக வந்தது, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, யாரோ இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா பாடியது, பாடும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவார். அந்தக் குரலை எங்கே நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். நடுவில். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், ஆள் உயரத்துக்கு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு அவரைத் தேடுகிறேன். வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி நிற்கிறார். கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிற சொந்தக்காரர் மாதிரி. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிறேன். அங்கேயேதான். தலையை அசைத்துப் பார்க்கிறேன். அங்கேயேதான். கம்பி. கன்வர்ட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற கம்பிகள் இரண்டு, சிவப்பு வலது, வெள்ளை இடது, வெள்ளையில்தான் ஏதோ. மறுபடி அலமாரிக்குப் பின்னால் முட்டிபோட்டு இரண்டையும் இடம் மாற்றுகிறேன். இப்போது இடப்பக்கத்துப் பாட்டு வலப்பக்கம் வரும், வலப்பக்கத்தது இடப்பக்கம் வரும், கன்வர்ட்டரில் கோளாறு என்றால் டீச்சரம்மா இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். வா, தாயே. வயலின் வந்துவிட்டது. மணிச்சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் மட்டும் நகரவில்லை.

இடது ஸ்பீக்கராக இருக்கலாம். வீட்டிலும் இடது ஸ்பீக்கரா, ஸ்டூடியோவிலும் இடது ஸ்பீக்கரா. சிரிப்பு வருகிறது, அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மேசை இழுப்பறையில் ஹெட்ஃபோன் இருக்கிறது, அதை ஒரு தடவை மாட்டி, பிறகு இடம் வலமாகத் திருப்பி மாட்டினால் தெரிந்துவிடும், ஒரு நிமிஷத்து வேலை. எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. அப்பாவுக்கு இடது காதுதான் போனது. அரசு பஸ் ஓட்டினார், திருநெல்வேலி தூத்துக்குடி, இன்ஜின் அவருக்கு இடது கைப்பக்கம், ஆயுசு முழுக்க அந்த உறுமலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் எல்லோருக்கும் பெரிய தொண்டை அவரால் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஹெப்சி பயந்துபோய், உங்க வீட்டுல ஏன் எப்பப் பாத்தாலும் சண்டை போடுதாங்க என்று கேட்டாள். சண்டை இல்லை, இட்லி இன்னும் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பஸ் ஓட்டக் கண் போதும், கால் போதும். எனக்கு என்ன போதும்? இன்ஜின் பக்கத்தில் நான் உட்காரவில்லையே. ஆனால் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பகலும் ராத்திரியும், இன்னும் கொஞ்சம் கூட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டு என்று. காது நோகவில்லையே. நொந்தால் தெரிந்திருக்குமே. இவ்வளவு அலுப்பாக இருக்கிறது. தூங்கிவிடலாம். எழுந்தால் சரியாகியிருக்கும் என்று குழந்தைகள் நினைக்குமே, அந்த மாதிரித் தூக்கம்.

சரணுடைய தாலாட்டைப் போட்டுப் பார்ப்போம். அது மடிக்கணினியில் இருக்கிறது, இன்னும் முடிக்காமல், நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கம்பிகளைப் பழையபடி சிவப்பு வலதும் வெள்ளை இடதுமாக மாட்டிவிட்டு, மடிக்கணினியை யூ.எஸ்.பி. வாசலில் செருகிப் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு வீணை, பின்னால் லேசாக மழை, பிறகு அந்தச் சின்னப் பெண் பாட ஆரம்பிக்கிறாள், முதல் படம் அவளுக்கும், நடுவில். சரி நடுவில். எவ்வளவு அழகாக நிற்கிறாள். உடம்பெல்லாம் தளர்கிறது. பார்த்தாயா, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, அந்தக் கேசட்டுப் பாட்டைத்தான் ஏற்றியவன் கெடுத்திருக்கிறான். வேறொன்றைப் போடுகிறேன், யாரோ கலந்தது. வலப்பக்கம். இன்னொன்று, வெளிநாட்டுக்காரன் ஒருவன் கலந்தது. வலப்பக்கம். இன்னொன்று. இன்னொன்று. எல்லோரும் வலப்பக்கச் சுவரோரமாக வரிசையில் நிற்கிறார்கள். திரும்பத் தாலாட்டு, நடுவில். அப்போதுதான் அது உள்ளே இறங்குகிறது, மெதுவாக, காப்பியில் சர்க்கரை இறங்குகிற மாதிரி. உலகத்திலிருக்கிற பாட்டெல்லாம் சாய்ந்திருக்கிறது, நான் கலந்தது மட்டும் நேராக நிற்கிறது. அப்படி ஒரு உலகம் இருக்க முடியாது.

டீச்சரம்மாவின் பாட்டைத் திரும்பப் போடுகிறேன். வலப்பக்கம் நிற்கிறார், சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே. எழுந்து அறைக்கு நடுவில் வந்து நிற்கிறேன். திரும்பு. ஒன்றும் பெரிய பரிசோதனை இல்லை, கருவி வேண்டாம், கம்பி வேண்டாம். கோளாறு சாமானில் என்றால் நான் எப்படித் திரும்பினாலும் அவர் கடிகாரத்துக்குக் கீழேயே நிற்பார். திரும்புகிறேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடிகாரம் இப்போது எனக்கு இடப்பக்கம். அவர் அங்கே இல்லை. அவரும் என்னோடு திரும்பி என் வலப்பக்கத்துக்கு வந்து நின்றுகொண்டு, ஜன்னல் திரைக்குப் பக்கத்தில், பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறார்.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ. கதவைத் திறந்துகொண்டு ஹெப்சி டம்ளரோடு வந்தாள். “என்ன அத்தான், பாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கீங்க?” என்றாள். டம்ளரை அலமாரிமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “மேலுக்கு முடியலையா?”

“ஹெப்சி, எனக்கு இடது காது சரியாக் கேக்கலை.”

சொல்லிவிட்டேன். எத்தனை நாளாக இந்த வாக்கியத்தை வாய்க்குள் வராமல் தடுத்து வைத்திருந்தேன், வந்தபோது சாதாரணமாக வந்தது, பால் வாங்க மறந்துவிட்டேன் என்கிற மாதிரி. அவள் ஐயோ என்று சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். நாற்காலியில் உட்காருங்க, கண்ணை மூடுங்க என்றாள். பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறாளாம். வலது காதுக்குப் பக்கத்தில் விரல்களை உரசினாள். சோளப்பொரியைக் கிள்ளுகிற மாதிரி சரசரவென்று கேட்டது.

“கேக்கா?”

“கேக்கு.”

இந்தப் பக்கம் வந்தாள். அவள் சேலை முழங்கையில் பட்டது, சாக்பீஸும் சாம்பாருமாக அவள் வாசனை வந்தது. நான் காத்திருந்தேன். கீழ்வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர்க்காரன் தூரத்தில் போய்விட்டான். அவள் ஏதோ யோசிக்கிறாள் போல என்று நினைத்தேன்.

“எப்ப உரசப்போற?” என்றேன்.

“உரசிக்கிட்டுதான் இருக்கேன் அத்தான்” என்றாள்.

கண்ணைத் திறக்கவில்லை நான். திறந்தால் அவள் விரல்கள் உரசிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும். அவள் கை என் தலைமேல் வந்தது, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு லீவு போடுகிறேன், காது டாக்டரிடம் போவோம், இதற்கெல்லாம் இப்போது என்னென்னவோ இருக்கிறது, பயப்படக் கூடாது என்று சொன்னாள், அவள் குரல்தான் பயந்திருந்தது. பயமில்லை ஹெப்சி. பயமெல்லாம் இத்தனை நாளாகப் பட்டுத் தீர்த்துவிட்டேன். இப்போது அலுப்புதான். பெரிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இறக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்ட அலுப்பு. இனி என்ன செய்வது என்பதுகூட இல்லை. சரணிடம் என்ன சொல்வது. ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். குரலை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி அனுப்பிவிட்டால் அவனுக்குச் சரியாகிவிடும், எவ்வளவு தள்ளுவது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம், கணக்குப் போட்டே இன்னும் சில வருஷம் ஓட்டலாம், அப்பா பஸ் ஓட்டிய மாதிரி. அப்படி எத்தனை பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் எவனாவது எனக்குத்தான் அப்படித் தோணுதோ அண்ணே என்று தயங்குவான், நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை சிரிக்க என்னிடம் தெம்பில்லை. போனை எடுத்தேன்.

“சரண், திரவியம் பேசுறேன்பா. நீ சொன்னது சரிதான். குரல் இடப்பக்கம் சாஞ்சுதான் இருக்கு.”

“பரவாயில்லண்ணே, கொஞ்சம்தான்...”

“இரு. எனக்கு இடது காது போயிட்டிருக்கு. அதான் அப்படி ஆகியிருக்கு. இன்னைக்குத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது.”

அந்தப் பக்கம் ஒரு பைக் போகிற சத்தம் கேட்டது, எங்கோ தெருவில் நிற்கிறான். “டாக்டரப் பாத்தீங்களாண்ணே?” என்றான். நாளைக்கு என்றேன். “பாட்டு எங்கயும் போகலண்ணே. நீங்க மொதல்ல பாருங்க” என்றான். பிறகு, கஷ்டப்பட்டு, “அடுத்த பாட்டு ரெண்டு இருக்கு... அதை நான் வேற இடத்துல பாத்துக்கிறேண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றான். சரிப்பா என்றேன். அவன் சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அவ்வளவு கஷ்டப்படாமல் சொல்லியிருப்பேன். “தாலாட்டை மட்டும் நானே முடிச்சுத் தரேன். பக்கத்துல ஆள் வச்சுக்கிட்டு முடிக்கிறேன்” என்றேன். “உங்க இஷ்டம்ணே” என்றான்.

யார் அந்த ஆள் என்று ஹெப்சி கேட்டாள். நீதான் என்றேன். எனக்கு என்ன தெரியும் என்றாள். தெரிய வேண்டாம், இந்த நாற்காலியில் உட்கார், கண்ணை மூடிக்கொள், பாடுகிற பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று மட்டும் சொல். அவள் உட்கார்ந்தாள், பேனா மை பட்ட விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, ஜெபத்துக்கு உட்காருகிற மாதிரி. நான் மடிக்கணினியோடு அவள் பின்னால் நின்றேன். வீணை வந்தது, மழை வந்தது, அந்தப் பெண் பாடினாள். எனக்கு நடுவில்.

“ஜன்னல் பக்கமா நிக்கா” என்றாள் ஹெப்சி.

குரலை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன்.

“இப்பவும் அந்தப் பக்கம்தான். இன்னும் வரணும்.”

நகர்த்தினேன். எனக்கு அந்தப் பெண் நடுவை விட்டுப் போய்விட்டாள். கையே கூசியது. இத்தனை வருஷமாக எந்தப் பாட்டிலும் ஒரு குரலை இப்படி ஓரத்துக்குத் தள்ளியதில்லை.

“இன்னும் கொஞ்சம்.”

வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டிவிட்டாள். இன்னும் ஒரு மயிரிழை. சுவரோரம் போய் நின்றுகொண்டு அவள் தன் பிள்ளையைத் தூங்கச் சொல்லிப் பாடினாள்.

“ஆங், இங்கதான்” என்றாள் ஹெப்சி, கண்ணைத் திறக்காமல் கையை நேராக நீட்டிக் காட்டி. “எனக்கு நேரா நிக்கா. இனி அசைக்காதீங்க.”

நான் அசைக்கவில்லை. அங்கேயே விட்டேன்.